சவரி அண்ணன் பூட்டி வைத்த குரல்

சவரி அண்ணன் போய்விட்டார். காலையில் பத்து காஜா ஊரிலிருந்து அவர் மகள் டெய்சி போன் செய்தாள். தூக்கத்திலேயே...

இங்கே மலேசியாவில், ஈப்போ நகரில் நானும் அவரும் ஒரே கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தோம். கஸ்டமர்களின் படம், வீடியோவையெல்லாம் ஜிப் ஃபைலாகக் கட்டி, அவர்களையே பாஸ்வேர்ட் போட வைத்துக் கொடுப்பது அவர் வேலை.

எந்த ஜிப்பைப் பூட்டினாலும் உள்ளே முதலில் ஒரு மாதா படம் வைப்பார். அவர் பிறந்த ரப்பர் தோட்டத்துக் கோயில் மாதா. கம்பெனிக்காரர்கள் தோட்டத்தை விற்று, அங்கே வீடுகள் கட்டியபோது கோயிலும் போய்விட்டது.

நாசி கண்டார் சோற்றுக்கடை பாய் ஒருநாள் கேட்டார். "என்னண்ணே, நம்ம கடை வீடியோக்குள்ள மாதா இருக்காங்க?"

"காவலுக்கு இருக்கட்டும் லா பாய். சம்பளமா கேக்கப் போறாங்க?"

என் தம்பி ரூபன் தஞ்சோங் மாலிமிலிருந்து பைக்கில் வரும்போது விபத்தில் செத்துப்போனான். அவன் வீடியோக்கள் எல்லாம் அண்ணன் கட்டிக்கொடுத்த ஜிப்பில். பாஸ்வேர்ட் அவனுக்கு மட்டும்தான் தெரியும். நான் போட்டுப் பார்க்காத பெயர் இல்லை.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் கைகூடக் கழுவாமல் எழுந்து வந்தார். "ஸ்டெல்லா, உள்ள மாதா படம் இருக்குல்ல! அதே படம் பூட்டாம நம்மகிட்டயும் இருக்கு. ரெண்டையும் ஒப்பிட்டா இந்தப் பழைய பூட்டுக்குச் சாவி கெடச்சிரும். பாஸ்வேர்டே வேணாம்!"

திறந்தது. "அக்கா, சாப்டியா?" என்று ரூபன் சிரித்தான். ஐயோ... நான் அலறிவிட்டேன். அண்ணன் கடை வாசலில் போய் நின்று அழுதார்.

அதோடு மாதா படம் வைப்பதை நிறுத்திவிட்டார். பூட்டையும் புது ரகமாக மாற்றினார். "நமக்குத் திறந்தது திருடனுக்கும் திறக்கும்லா."

அப்புறம் தொண்டையில் புற்றுநோய். ஆபரேஷனில் குரல் போய்விடும் என்றார்கள். டெய்சியின் கல்யாணத்துக்கு இப்போதே ஆசீர்வாதம் சொல்லிவிடுகிறேன் என்று பேசிப் பதிவு செய்து, பூட்டி வைத்தார். குரல் போனபிறகு எதையும் எழுதித்தான் காட்டினார். பாஸ்வேர்டைக் கல்யாணத்தன்று காலையில் தருவதாக அவளுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினார்.

கல்யாணம் வருகிற ஜனவரியில்.

இன்று டெய்சி அந்த ஃபைலை எனக்கு அனுப்பினாள். "ரூபன் அண்ணனோடத திறந்த மாதிரி இதையும் திறந்து குடுங்கக்கா. அப்பா குரல் எப்படி இருக்கும்னே மறந்து போச்சு."

உள்ளே மாதா இல்லை. பூட்டும் புதுசு. ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் ஒன்றுமே இல்லை.

ஆனாலும் ஸ்பீக்கரை ஆன் செய்து வைத்திருக்கிறேன். எதற்கென்று தெரியவில்லை. லேசாக இரைகிறது... எழுந்து போய் அணைக்கவும் மனம் வரவில்லை.

"திறந்துருச்சாக்கா?" டெய்சி மறுபடியும் கேட்டிருக்கிறாள்.

நாளைக்கு அடக்கம். போய்ட்டு வாங்கண்ணே...

அந்தப் பிள்ளை கனவுல வந்து பாஸ்வேர்டைச் சொல்லிட்டுப் போங்க. எழுதிக் காட்டாதீங்க. வாயத் தொறந்து சொல்லுங்க.