அத்தானைத் தீவில் இறக்கிவிட்ட பிறகு

கப்பல் வேலை என்றால் எங்கள் தென்காசியில் எல்லோருக்கும் ஒரே நினைப்புத்தான். மேல்தட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்று கடலைப் பார்த்துக்கொண்டே இருப்போமாம், மாசம் பிறந்தால் சம்பளமாம். கேட்கும்போதே எனக்கு எரிச்சல் வரும். அறுபதுகளின் தொடக்கத்தில் நான் கப்பலில் இருந்த காலத்தில் பாதிப் பொழுதைக் கடல்மட்டத்துக்குக் கீழே, எஞ்சின் அறையின் வேக்காட்டில் கழித்தேன். இயந்திரத்துக்கு எண்ணெய் போடுகிற வேலை. என்னை அதில் சேர்த்துவிட்டவர் அத்தான், என் அக்காவின் வீட்டுக்காரர். அவருக்கும் அதே கப்பலில் அதே வேலை.

எண்ணெய் போடுவது மட்டுமில்லை. சுழன்றுகொண்டிருக்கிற இரும்புக்கு நடுவே கையை விட்டு, சூடேறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். விடுகிற நேரம் தப்பினால் கை போய்விடும். அத்தான் அதை வெற்றிலைப் பெட்டியைத் துழாவுகிறவர் மாதிரி செய்வார். நான் முதல் மாசம் முழுக்கக் கையை நீட்டுவதும் இழுத்துக்கொள்வதுமாக இருந்தேன்.

"பயந்தா கை மெதுவாப் போவும். மெதுவாப் போனா மாட்டிக்கிடும். என்ன மாப்ளே, இவ்வளவுதாம்லே" என்பார்.

அந்தத் தடவை பசிபிக் கடலில் ஒரு தீவுக்கு உரக்கல் ஏற்றப் போனோம். பறவை எச்சம் காலங்காலமாக இறுகிக் கல்லானது, அதை வெட்டி எடுத்துக் கப்பல் கப்பலாக ஏற்றி அனுப்புகிறார்கள். சுற்றிலும் எந்தப் பக்கம் பார்த்தாலும் வேறு நிலமே கிடையாது. "இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்? ஆலங்குளம் சந்தையில இதைவிடக் கூட்டம் இருக்குமே" என்றார் அத்தான்.

அங்கே துறைமுகமும் கிடையாது. தீவை ஒட்டியே கடல் கிடுகிடுவென்று ஆழம், நங்கூரம் போட்டால் தரை எட்டாது. கரைக்குப் பக்கத்தில் பெரிய பெரிய மிதவைகள் கிடக்கும். அவற்றில் கப்பலைக் கட்டி நிறுத்துவார்கள். கரையிலிருந்து நீண்ட இரும்புக் கை ஒன்று உரத்தைக் கொட்டும். வெள்ளைத் தூசி எங்கள் சோற்றில், படுக்கையில், மூக்கில் எங்கும் இருந்தது. அலை பெரிதானால் உடனே கட்டை அவிழ்த்துக்கொண்டு வெளிக்கடலுக்குப் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் கப்பல் பாறையில் மோதிவிடும். அப்படிப் போனால் அலை அடங்கும் மட்டும் மிதந்துகொண்டு கிடக்க வேண்டியதுதான்.

உரம் ஏற்றத் தொடங்கிய மறுநாள் அத்தானுக்கு வயிற்றுவலி வந்தது. எங்கள் ஊரில் வயிற்றுவலிக்கு என்ன வைத்தியம்? விளக்கெண்ணெய். ஊரிலிருந்து ஒரு குப்பி கொண்டுவந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "ரெண்டு தடவை போனா எல்லாம் சரியாப் போவும்" என்றார். நானும் அதுதான் சரி என்று நினைத்தேன். நினைக்காமல் என்ன செய்வேன்? எனக்கும் சின்ன வயதிலிருந்து மூக்கைப் பிடித்து ஊற்றியது அந்த எண்ணெய்தானே.

வலி கூடியது. உடம்பு கொதித்தது. கப்பலில் மருந்துப்பெட்டி இரண்டாவது ஆபீசரிடம் இருக்கும். அவர் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார், என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். எண்ணெய் என்று சொன்னதும் அவர் முகம் மாறிப்போனது. குடல்வால் வீங்கியிருக்கிறது, இந்த நேரத்தில் பேதிக்குக் கொடுத்தால் வெடித்துவிடும் என்று சத்தம் போட்டார். சொந்த வீட்டு எண்ணெய் ஆளைக் கொல்லும் என்று யார் கண்டது!

தீவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. அத்தானைத் தூளியில் வைத்துக் கட்டி, கயிற்றில் மெல்ல மெல்லப் படகுக்கு இறக்கினார்கள். படகு மேலே வருவதும் கீழே போவதுமாக இருந்தது. நான் 'மெதுவா, மெதுவா' என்று கத்திக்கொண்டிருந்தேன். அவர் என்னவோ அந்த வலியிலும், "என் முறை வேலையையும் நீயே பாத்துக்கோ மாப்ளே. வேற எவனையும் எஞ்சின்கிட்ட விட்டுராத" என்றார்.

அன்று சாயங்காலமே காற்று திரும்பியது. கட்டை அவிழ்த்துவிட்டோம்.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை. இரவில் எஞ்சினை நிறுத்திவிடுவார்கள். கப்பல் தன் பாட்டுக்கு மிதந்து போய்விடும். காலையில் மறுபடி ஓட்டித் தீவுக்குப் பக்கத்தில் கொண்டுவருவார்கள். எஞ்சின் அறையில் மணி அடித்தால் எனக்கு ஒன்றே ஒன்றுதான்: அத்தான்கிட்டே போகிறோம். என் முறை, அவர் முறை இரண்டையும் பார்த்துவிட்டு, ஏணியில் ஏறி மூச்சிரைக்க மேலே வந்தால், தீவு அங்கேயே இருக்கும். தகரக்கூரைகள்கூடத் தெரியும். அலைதான் கரையில் வெள்ளை வெள்ளையாக ஏறிக்கொண்டிருக்கும். படகு போக முடியாது. எத்தனை நாள் அந்தக் கரையைப் பார்த்துத் திட்டியிருப்பேன்!

கரையில் விளக்கை அணைத்து அணைத்துக் காட்டிச் செய்தி சொல்வார்கள். இரண்டாவது ஆபீசர் படித்துச் சொல்வார். ஆபரேஷன் முடிந்தது, காய்ச்சல் இறங்கவில்லை. மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே.

பிறகு கம்பெனியிடமிருந்து வயர்லெஸ்ஸில் உத்தரவு வந்தது. காத்திருந்தது போதும், வேறு துறைமுகத்துக்குப் போய்ச் சரக்கு ஏற்று என்று. நான் எண்ணெய்க் கையோடு மேலே ஓடினேன். "ஆளை விட்டுட்டுப் போறதா? மனுசங்களாய்யா நீங்க?" என்று தமிழிலேயே கத்தினேன். எங்களுக்கு மேலாளான செராங்கு என் இடுப்பைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு போனார். மணி அடித்தது. முழு வேகம். அத்தானிடமிருந்து கப்பலை இழுத்துக்கொண்டு போன இயந்திரத்துக்கு அன்றைக்கு எண்ணெய் போட்டவன் நான்தான். வேறு யாரையும் கிட்டே விடவில்லை.

கல்கத்தாவில் இறங்கிக் கம்பெனி ஆபீசில் கேட்டேன். தகவல் இல்லை என்றார்கள். என் பெட்டியையும் அவர் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினேன்.

தென்காசியில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஜட்காவிலிருந்து இறங்கினேன். அக்கா மாவுக் கையோடு வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள். இரண்டு பெட்டிகளைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் பார்த்தாள். அவள் வாயைத் திறக்கும் முன்னே எதிர்வீட்டு அம்மாள், "அய்யோ, மோசம் போயிட்டியே தாயீ" என்று மாரில் அடித்துக்கொண்டு வந்துவிட்டாள். அவள் சத்தத்துக்குத் தெருவே கூடியது.

"ஏ, வாயைக் கழுவுங்க! ஆளு உசுரோட இருக்காரு!" என்று கத்தினேன். நடந்ததையெல்லாம் அக்காவிடம் சொன்னேன்.

"நீ கண்ணால பாத்தியாலே தம்பி?"

"பாக்கலக்கா. தீவைத்தான் பாத்தேன்."

அக்கா அழவில்லை. அத்தானின் பெட்டியைத் திறந்தாள். சட்டை, வேட்டி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்த் துவைத்தாள். அந்தச் சாரலில் எந்தத் துணி காயும்? ஆனாலும் தெருவைப் பார்க்க வாசலில் கொடி கட்டி, ஒவ்வொன்றாக உதறிப் போட்டாள். இறந்தவர் துணியை யாரும் வீட்டில் துவைத்து வாசலில் காயப்போட மாட்டார்கள். நின்ற பெண்களுக்கு அது புரிந்தது.

"இங்கன எதுக்குக் கூட்டம்? அவுக வந்தா சொல்லி அனுப்புதேன்" என்றாள் அக்கா.

குற்றாலத்தில் சீசன். ஊரெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போனது. எனக்கு எண்ணெய் வாசனையே குமட்டியது. தபாலாபீசுக்கு நடந்தேன், பண்பொழி மலை ஏறி முருகனிடம் சண்டை போட்டேன். வாரம் தவறாமல் அக்கா அந்தச் சுத்தமான சட்டைகளை மறுபடி துவைத்துக் கொடியில் போட்டாள். "போதும்க்கா" என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

புரட்டாசியில் ஒரு மத்தியானம் அத்தான் வந்தார். பாதி ஆளாக, தோளில் ஒரு துணிப்பையோடு. வேறொரு கப்பலில் கல்கத்தா வந்து இறங்கியதும் அவர் போட்ட கடிதம் அவர் வந்த பிறகுதான் வந்தது. அக்கா வெந்நீர் போட்டுக் கொடுத்தாள். குளித்துவிட்டு வந்து கொடியிலிருந்து ஒரு சட்டையை எடுத்துப் போட்டார். தோளில் டர்ரென்று கிழிந்தது.

"என்னட்டி இது, சட்டையெல்லாம் இப்படி நைஞ்சு கெடக்கு? இவன் போட்டுத் திரிஞ்சானா?"

அக்கா துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து அழுதாள். அப்படி ஓர் அழுகையை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. எதிர்வீட்டு அம்மாள், கெட்ட செய்தி வந்துவிட்டது என்று நினைத்து ஓடி வந்தாள்.