பஸ்ஸுக்குக் குறுக்கே

“இனிமே இந்த ஊர்லேர்ந்து ஒருத்தன் பொழப்பு தேடி பஸ் ஏறினான்னா, அந்த பஸ்ஸுக்குக் குறுக்கே நான் படுத்துடுவேன். என் மேல ஏத்திட்டுப் போகட்டும்!”

சலூன்காரர் இந்தச் சபதத்தைச் செய்தபோது அவர் கையில் சவரக்கத்தி இருந்தது. கத்திக்குக் கீழே டீக்கடைக்காரரின் தொண்டை இருந்தது. ஆகவே தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அட்டை மில் மூடியதிலிருந்து ஊர் காலியாகிக்கொண்டே வந்தது. இன்னார் போய்விட்டார் என்று மற்றவர்கள் காதால் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். சலூன்காரருக்கு மட்டும் வழக்கமாக வரும் தலை வராதபோதே தெரிந்துவிடும். அதையெல்லாம்கூட அவர் தாங்கிக்கொள்வார். ஆனால் மில்லில் மெஷின் ஓட்டிய அவருடைய மாப்பிள்ளை இப்போது சலூன் பெஞ்சில் உட்கார்ந்து, பழைய பேப்பரில் விளம்பரத்தைக்கூட விடாமல் படித்துக்கொண்டிருந்தார். நகரத்தில் ஒரு குடோனில் வேலை இருப்பதாக அவருடைய நண்பர் வேறு போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

மகள் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டாள். “மில்லு ஷெட்டுல ஏதாவது வந்தா இருக்கோம்பா. இல்லேன்னா குழந்தையைத் தூக்கிக்கிட்டுப் போய்த்தான் ஆகணும்.”

மனைவி இறந்த பிறகு சலூன்காரருக்கு இருந்ததெல்லாம் இந்த மூன்று பேர்தான். சலூன் நாற்காலிக் கைகளின் மேல் பலகை போட்டு அதில் பேத்தியை ஏற்றி உட்காரவைப்பார். கண்ணாடிக்குள் இரண்டு முகமும் தெரியும்.

எனவே ஊரின் நலன் கருதி அவர் பொதுவாழ்வில் குதித்தார். குழு ஒன்று பிறந்தது. அதற்குத் தலைவர் அவரே. உறுப்பினர், வேறு வழியில்லாத டீக்கடைக்காரர். பின்தங்கிய பகுதிகளில் வேலை உண்டாக்க அரசாங்கம் ஒரு நிதி வைத்திருந்தது. அதைக் கொண்டு மில் ஷெட்டில் தையல் கூடம் திறக்க வேண்டும் என்று மனு போனது. மனுவுக்குப் பின்னாலேயே இவரும் போனார். செருப்பு தேய்ந்தது, அடுத்த செருப்பும் தேய்ந்தது. ஒருவழியாக, ஊர் உண்மையிலேயே கஷ்டப்படுகிறதா என்று நேரில் பார்க்க அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது.

“அண்ணே, யாரையும் தொடாதீங்க. தாடியும் பரட்டையுமா அப்படியே நிக்கட்டும். பார்த்தா அந்தாளுக்கு மனசு இரங்கணும்” என்றார் டீக்கடைக்காரர்.

“போய்யா! நாம வேலைதானே கேக்கறோம், பிச்சையா கேக்கறோம்? நம்ம ஆளுங்க மனுசங்க மாதிரி நிக்கணும்.”

அதிகாரி வருவதற்கு முதல்நாள் காலையில் தொடங்கியது வேள்வி. யாரிடமும் காசு வாங்கவில்லை. தாடிகள் விழுந்தன, கிருதாக்கள் நேராயின. மகள் ஊர்ச் சட்டைகளையெல்லாம் வாங்கி இஸ்திரி போட்டாள். மறுநாள் அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கியபோதும் மிச்சம் இருந்தவர்கள் சலூன் வாசலில் வரிசையில் நின்றார்கள். அதிகாரி அந்த வரிசையைப் பார்த்தார். பளபளவென்ற முகங்களைப் பார்த்தார். மடிப்பு கலையாத சட்டைகளைப் பார்த்தார்.

“வியாபாரம் நல்லா நடக்குது போல?” என்றார்.

சலூன்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை. “உங்க புண்ணியத்துல, சார்!” என்றார்.

ஷெட்டை எட்டிப் பார்த்துவிட்டு அதிகாரி சிரித்த முகத்தோடு கிளம்பிப் போனார். நிதி பக்கத்து வட்டாரத்துக்குப் போனது.

விவரம் கேட்கப் போனவரிடம் ஆபீஸ் குமாஸ்தா இரக்கத்தோடுதான் பேசினார். “உங்க ஊர்ல எல்லாரும் தெளிவா, வசதியா இருக்காங்கன்னு சார் எழுதிட்டாரு, பெரியவரே.”

“அது நான் வெட்டின முடிங்க.”

“அதான் சொல்றேன். நல்லா வெட்டியிருக்கீங்க.”

விஷயம் அவருக்கு முன்பே வீடு வந்து சேர்ந்திருந்தது. மகளே பேச்சை ஆரம்பித்தாள். “உங்க மேல தப்பு இல்லப்பா. எங்க மூஞ்சி அவ்வளவு லட்சணம்னு எங்களுக்கே தெரியாமப் போச்சு.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு பெட்டியை எடுத்துத் தூசி தட்டினாள்.

புறப்படும் நாள் காலையில் சலூன்காரர் மாப்பிள்ளையை நாற்காலியில் பிடித்து உட்காரவைத்தார்.

“நேரமாச்சு மாமா, போற எடத்துல பார்த்துக்கறேன்.”

“அங்க எவன் கத்தியோ! சும்மா உக்காருங்க மாப்பிள்ளை. நம்ம ஊர்க்காரன் வந்து நின்னா ஒரு களை இருக்க வேணாமா?”

பட்ட பிறகும் புத்தி வரவில்லை. நுரையை நிதானமாகக் குழைத்தார். ஒரு கன்னத்தை முடித்துவிட்டு மறு கன்னத்தை மறுபடி பார்த்தார். கன்னத்திலிருந்து கத்தியை எடுக்க அவருக்கு மனமே இல்லை. தெருமுனையில் ஹாரன் கேட்டது.

மகள் குழந்தையின் செருப்பைத் தேடி ஓடினாள். மாப்பிள்ளை காதோர நுரையோடு எழுந்தார். சலூன்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அந்த வயதில் அவருக்கு இருக்கக் கூடாத வேகத்தில் முன்னால் ஓடினார். அவர் போய்ச் சேர்ந்தபோது பஸ் நகரத் தொடங்கியிருந்தது. பெட்டியைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் விரித்து அதன் எதிரே போய் நின்றார்.

பிரேக் அலறியது. “யோவ் பெரியவரே! சாகறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா?” என்று கத்தினார் டிரைவர்.

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவாமல் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் இருப்பா” என்றார் சலூன்காரர். மூச்சு இரைத்தது. “எம்பொண்ணும் மாப்பிள்ளையும் வந்துட்டிருக்காங்க. விட்டுட்டுப் போயிடாதே.”

அவர்கள் வந்து ஏறினார்கள். பேத்தியை ஜன்னல் வழியாக அவரே உள்ளே கொடுத்தார். பிறகு ஓரமாக ஒதுங்கி, வண்டிக்கு வழிவிட்டார்.