விரால் குஞ்சுகளுக்குக் காவல்

ஓசூரில் நாங்கள் வேலை பார்த்த கம்பெனியில் ராயப்பனை லேத் ஆபரேட்டராகத்தான் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அவன் தூண்டில்காரன். சாமல்பட்டியிலிருந்து வந்து 1981இல் என் பக்கத்து மெஷினில் நின்றவன். அதிகம் பேசமாட்டான். அவனுக்கும் சேர்த்து நான் பேசுவேன். என் வாய் அப்படி. அந்த வாயால் வந்த வினையைத்தான் சொல்கிறேன்.

ராயப்பன் புழு கோத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை. தூண்டில் முள்ளின் கழுத்தில் ஈயத்தை உருக்கி ஊற்றி, கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு தலை செய்வான். அதன் கீழே சேவல் இறகும், பழைய சைக்கிள் டியூபிலிருந்து மெல்லிசாகக் கீறிய ரப்பர் இழைகளும் கட்டுவான். பாசியில் மாட்டாமலிருக்க முள்ளுக்கு முன்னால் ஒரு சன்னக் கம்பி. கையில் வைத்துப் பார்த்தால் குப்பைதான். தண்ணீரில் விட்டு ஒரே சீராக இழுத்தால் இறகும் ரப்பரும் விரிந்து சுருங்கி, உயிருள்ள குஞ்சுமீனாகவே நீந்தும். வேகம் கூடினால் மேலே வந்துவிடும், குறைந்தால் சேற்றில் உட்கார்ந்துவிடும்.

“நடுவுல நிறுத்தாத சென்னப்பா. நிறுத்துனா அது ஈயம்னு விராலுக்குத் தெரிஞ்சுரும்” என்பான். நான் நிறுத்திவிடுவேன். எனக்கு ஒரு மீன்கூட மாட்டியதில்லை.

1986 ஆவணியில் அவன் மனைவி பவுலினாவுக்கு ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை, உயிரில்லை. அதற்கு முன்பே இரண்டு கலைந்திருந்தன. இனிமேல் பிள்ளைக்கு வழியில்லை என்றும் டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்த பவுலினா சாப்பாட்டைத் தொடவில்லை. வயிற்றுப் புண் ஆறாமல் நீர் கசிந்தது. இப்படியே கிடந்தால் ஆளே தேறமாட்டாள் என்று மறுபடி பார்த்த நர்சம்மா எச்சரித்தாள்.

விரால் மீன் தின்றால் அறுத்த புண் சீக்கிரம் ஆறும் என்பார்கள். அவளுக்கும் அந்தக் குழம்பு என்றால் உயிர். ராயப்பன் செகண்ட் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டு, தினமும் விடிந்ததும் சானமாவுப் பக்கத்து ஏரிக்குப் போனான். யானை வருகிற இடம், போகாதே என்று திட்டினேன். கேட்டால்தானே!

இரண்டு நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் ஒன்றரைக் கிலோவுக்கு ஒரு விராலோடு வந்தான். அதைப் பிடித்த விதத்தை வாசலிலேயே என்னிடம் சொன்னான். பவுலினா எழுந்து உட்கார்ந்து ஒரு பிடி சோறு சாப்பிட்டாள். ராயப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எதையாவது பேசி அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தேன்.

“உம் புருசன் லேசுப்பட்ட ஆளில்ல தங்கச்சி! செவப்பா குஞ்சுங்க கும்பலா மிதக்குது. அதுக்கு நடுவுல இவன் முள்ள விட்டு இழுத்தான். பசியே இல்லீன்னாலும் தாய் சும்மா இருக்குமா? குஞ்சுங்கள ஏதோ தின்ன வருதுன்னு பாஞ்சு வந்து கடிச்சது பாரு!”

ராயப்பன் என் கையைப் பிடித்து அழுத்தினான். அதற்குள் எல்லாம் சொல்லி முடித்திருந்தேன்.

பவுலினா தட்டைக் கீழே வைத்தாள். “அந்தக் குஞ்சுங்க எங்கண்ணா இப்ப?” என்று கேட்டாள். தாயில்லாத குஞ்சுகளை மற்ற மீன்களும் கொக்கும் விட்டுவைக்காது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவள் படுத்துக்கொண்டாள். அதன்பின் கஞ்சிகூட இறங்கவில்லை.

மறுநாள் ராயப்பன் தூண்டில் இல்லாமல் ஏரிக்குப் போனான். இடுப்பளவு தண்ணீரில் நின்று, கையில் ஒரு குச்சியோடு கொக்குகளை விரட்டினானாம். ஷிப்ட் நேரம்வரை அங்கேயே நின்றிருக்கிறான். அடுத்த நாளும் அப்படித்தான். மேலே வரும் கொக்கை விரட்டலாம், கீழே வரும் மீனை என்ன செய்வது?

மூன்றாம் நாள் நானும் போனேன். அல்லி இலைகளுக்கு நடுவே தண்ணீர் சும்மா கிடந்தது. ராயப்பன் அங்குமிங்கும் நடந்து இலைகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான். “நேத்து பத்திருபது இருந்துச்சு சென்னப்பா” என்றான். பிறகு கரையேறி, ஈரத்தோடு தரையில் உட்கார்ந்து அழுதான். தன் குழந்தையைப் புதைத்த அன்றுகூட அவன் அப்படி அழவில்லை.

நாங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் பவுலினா தலையைத் தூக்கினாள். “ஏங்க, இருக்குதுங்களா?”

“இருக்கு பவுலி. விரல் நீளத்துக்கு வளந்துருச்சு. இனிமே தானா பொழச்சுக்கும்” என்றான் ராயப்பன்.

அவள் அவனை வெகுநேரம் பார்த்தாள். ஈரக் கால்சட்டையைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, “நெசமாண்ணா?” என்றாள்.

“ஆமா தங்கச்சி, நானே பாத்தேன்” என்றேன்.

அவள் நம்பினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்து, “கொஞ்சம் கஞ்சி ஊத்துங்க” என்று அவனிடம் கையை நீட்டினாள்.