பிளாஸ்டிக் அரிசி என்றவர் மகளோடு வந்தார்

தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் நான் வேலை பார்க்கும் அங்கன்வாடிக்கு இன்று மதியம் ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் லைன் வீடுகளில் அவரை மேஸ்திரி என்பார்கள்.

போன மாதம் என் போட்டோவைப் போட்டு, "இந்த டீச்சர் புள்ளைங்களுக்கு பிளாஸ்டிக் அரிசி போடுது" என்று வாட்ஸப் குரூப்பில் எழுதியவர் இவர்தான்.

அரிசி மாவில் இரும்புச் சத்தும் வைட்டமினும் சேர்த்து, அரிசி போலவே செய்து சாதாரண அரிசியோடு கலக்கும் சத்து மணி அது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். யாரும் காது கொடுக்கவில்லை. இரண்டு வாரம் சமைத்த சோறு அப்படியே மிஞ்சியது.

மகள் ஆறு மாத கர்ப்பிணி. முகமெல்லாம் வெளுத்திருந்தது.

"ரத்தம் ரொம்ப கம்மியா கீதாம் டீச்சர். மாத்திரையோட இங்க சாப்பாடும் சாப்புட சொல்லிட்டாங்க டாக்டரம்மா."

அவளை உள்ளே உட்கார வைத்துப் பரிமாறினேன். அவரை வாசலிலேயே நிறுத்தினேன்.

"அதே குரூப்ல உங்க குரல்லயே பேசி அனுப்புங்க."

"அத அன்னிக்கே டெலிட் பண்ட்டேனேமா."

"என் போட்டோவ ஊரே பாத்துச்சே. அத இன்னா பண்றது?"

முதலில், "யாரோ தப்பா சொல்லிட்டாங்க" என்று பேசினார். அனுப்ப விடவில்லை. மூன்றாவது தடவைதான், "நான் சொன்னது பொய். என் பொண்ணே இப்ப இங்கதான் சாப்புட்றா" என்று வந்தது. என் கண்ணெதிரே அனுப்பினார்.

ஒவ்வொரு தடவையும் அவர் குரல் இறங்கியது. எனக்கு இனித்தது. மறைக்க மாட்டேன்.

அந்தப் பதிவை ஃபார்வர்ட் செய்தவர்கள் இங்கே என் நட்புப் பட்டியலிலும் இருக்கிறீர்கள். பெயர்கள் எனக்குத் தெரியும். நீங்களாகவே கமெண்டில் சொல்லிவிட்டால் உங்களுக்கு நல்லது.