இறக்கத்தில் மிச்சம் பிடித்த டீசல்

தமிழ்நாட்டிலிருந்து வந்து மொரீஷியஸில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். கணவர் இந்த ஊர்க்காரர். கடற்கரையில் புதிது புதிதாக ஓட்டல்கள் முளைக்கின்றன அல்லவா, அவற்றில் ஒன்று கழித்துப்போட்ட கேரவனை வாங்கி எங்கள் டீசல் ஜீப்பின் பின்னால் மாட்டினார். ஞாயிறுதோறும் பிள்ளைகளோடு கடலுக்குப் போவோம்.

கேரவனை இழுக்கும்போது ஜீப் டீசலாகக் குடித்தது. அதனால் இறக்கம் வந்தால் எஞ்சினையே அணைத்துவிடுவார். கெட்டிக்காரர் என்று பக்கத்து வீட்டில் நான் பெருமையடித்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன மாதம் போ பசான் என்ற ஊரைத் தாண்டிய இறக்கத்தில், கீழே ஒரு பஸ் நின்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. இவர் பிரேக்கை இரண்டு முறை மிதித்தார். மூன்றாம் முறை அது கல்லாக இறுகிவிட்டது. எஞ்சின் ஓடாவிட்டால் பிரேக்குக்குப் பலம் இருக்காதாம். மெக்கானிக் பிறகு சொன்னார். பின்னாலிருந்து கேரவன் நெட்டித் தள்ளியது. ஸ்டீயரிங்கை ஒடித்துக் கரும்புத் தோட்டத்துக்குள் விட்டதால் பிழைத்தோம்.

பிள்ளைகள் அலறுகிறார்கள். இந்த மனிதர் பயப்படாதே என்று இந்த ஊர்க் கிரியோல் மொழியில் சமாதானம் சொல்கிறார்: "பா பேர்! பா பேர்! இன்னிக்கு டீசல் நல்லா மிச்சம்!"

"வாயை மூடிட்டுச் சாவியைக் குடுங்க" என்றேன்.

அன்றிலிருந்து நான்தான் ஓட்டுகிறேன். இறக்கத்தில் எஞ்சினை அணைப்பதில்லை. கியரைக் குறைத்து மெதுவாக இறங்குகிறேன். அந்த இறக்கத்தில் டீசல் வீணாகிறதென்று அவர் முனகினால், ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டுகிறேன். எங்கள் வண்டி புகுந்த இடத்தில் கரும்பு இன்னும் படுத்தே கிடக்கிறது.