வம என்றால் வலி

“மகள், உன்ட சிங்களம் சோதனைப் பேப்பருக்குத்தான் சரி. ட்ரில்லுக்கு அது உதவாது.”

அப்பா இதைச் சொன்னபோது நான் கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு முன்னறையின் நடுவில் நின்று, “வமட்ட ஹெரென்!” என்று சத்தம் வெளியே போகாமல் கத்திக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் திரும்பு என்பதற்குச் சிங்களத்தில் அணிநடைக் கட்டளை அது. என் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்ற தம்பி, மிகுந்த கம்பீரத்தோடு வலப்பக்கம் திரும்பினான்.

அடுத்த வாரம் அவன் கடற்படைப் பயிற்சி முகாமுக்குப் போகவேண்டும். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். தமிழ் வீட்டிலிருந்து ஒரு பெடியன் அந்தப் பக்கம் போவதென்பது ஊரில் வாய்விட்டுச் சொல்லக்கூடிய செய்தி அல்ல.

அப்பாவின் பேச்சு எனக்குச் சுள்ளென்று ஏறியது. எங்கள் வீட்டில் பரீட்சை என்று ஒன்றைப் பாஸ் பண்ணிய முதல் ஆள் நான். சாதாரண தரப் பரீட்சையில் இரண்டாம் மொழிச் சிங்களத்துக்கு விசேட சித்தி. வெள்ளவத்தையில் ஒரு சிறுவர் பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு எந்த மொழியிலும் எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனால் துறைமுகத்தில் வருடக்கணக்காகச் சிங்களத்தில் ஏசியும் ஏச்சு வாங்கியும் வந்தவர். அவருடைய சிங்களத்துக்கு இலக்கணம் கிடையாது, சத்தம் உண்டு.

அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது, அதுதான் கூடுதலாக எரிச்சல். ஒருமுறை பஸ்ஸை மறித்துச் சோதித்த சிப்பாய், எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, “நான் எனது வாசஸ்தலத்தை நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறேன்” என்கிற மாதிரிச் சுத்தச் சிங்களத்தில் பதில் சொன்னேன். அவன் அடையாள அட்டையைத் திருப்பித் தந்துவிட்டுத் தன் கூட்டாளியிடம், “ரேடியோவில் செய்தி வாசிக்கிறவளடா” என்று சிரித்தான். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னது என் பிழை. அப்பா அதை மறக்கவேயில்லை.

தம்பி எப்படி நேவிக்குள் போனான் என்று கேட்டால் அவனுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. மட்டக்குளியில் அவனோடு பந்தடிக்கும், ஆற்று முகத்துவாரத்தில் நீந்தும் சிங்களப் பெடியன்கள் நேர்முகத்துக்குப் போனார்கள். துணைக்கென்று இவனும் போனான். நீச்சல் பார்த்தார்கள், ஓட்டம் பார்த்தார்கள், எடுத்துவிட்டார்கள். எங்கள் குடும்பப் பெயர் கத்தோலிக்கப் பெயர். சிங்களவருக்கும் இருக்கும், தமிழருக்கும் இருக்கும்.

“யாரோட சண்டை பிடிக்கப் போறாய் எண்டு யோசிச்சுப் பாத்தியா?” என்று கேட்டேன்.

“நான் சண்டைக்குப் போகேல்லை அக்கா. கடலுக்குப் போறன்.”

“கடல்ல என்ன, மீன் பிடிக்கவா விடப் போறாங்கள்?”

“உனக்குக் கேள்வி கேக்க மட்டும்தான் படிப்பிச்சவங்களா?”

எத்தனை தரம் கேட்டும் அதே கடல். அப்பா என்னைப் பார்த்தார், அம்மாவும் என்னைப் பார்த்தார். படித்தவள் நான்தானே, அவனை நிறுத்துவது என் வேலையாம். தம்பியும் என்னைத்தான் பார்த்தான். படித்தவள் நான்தானே, அவனைத் தயார்ப்படுத்துவதும் என் வேலையாம். ஒரே படிப்பை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார்கள்.

அம்மா தன் பங்குக்கு ஊரெல்லாம் “மகன் கப்பலுக்குப் போறான்” என்று சொல்லிவிட்டார். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் துபாய், சிங்கப்பூர் தெரிந்தது. பக்கத்து வீட்டு ஆன்டி வந்து, “தம்பி, வரேக்குள்ள எனக்கு நல்ல சென்ட் போத்தல் ஒண்டு” என்றார். இவனும் வெட்கமில்லாமல், “என்ன வாசம் வேணும் ஆன்டி?” என்று கேட்டான். இந்தக் கப்பல் கதையால் ட்ரில் பழகுவதற்கு முற்றத்தையும் இழந்தோம். கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு, புழுக்கத்தில், தாழ்ந்த குரலில் கட்டளை கொடுக்கவேண்டியிருந்தது. தாழ்ந்த குரலில் “வமட்ட ஹெரென்” என்று சொல்லிப் பாருங்கள். யாரையோ கெஞ்சுவது போல இருக்கும்.

தம்பிக்குச் சிங்களம் தெரியாது என்று யாரும் நினைக்கவேண்டாம். சந்தையில், மைதானத்தில், சலூனில் அவன் கதைத்தால் சிங்களவரே திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பிரச்சினை இரண்டே சொற்களில் இருந்தது. தெருவில் த்ரீவீல்காரனுக்கு வழி சொல்லும்போது எல்லோரும் லெஃப்ட், ரைட் என்றுதான் சொல்வார்கள், தமிழனும் சிங்களவனும். வீட்டில் எங்களுக்குச் சோத்துக்கைப் பக்கம், மற்றப் பக்கம். ஆகவே ‘வம’ என்ற சொல்லை அவன் காதால் கேட்ட நேரங்கள் குறைவு. கேட்டதும் அவன் தலைக்குள் எழும்பியது ‘வலம்’. பூசையில் ஞாயிறுதோறும், கிறிஸ்து பிதாவின் வலப்பக்கம் வீற்றிருக்கிறார் என்று சொல்லி வளர்ந்தவன். ‘வ’ என்று தொடங்கினாலே அவன் உடம்பு சோத்துக்கைப் பக்கம் திரும்பும். ஆண்டவர் இருக்கும் பக்கமல்லவா.

முதலில் சிரித்தோம். பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வரிசையில் ஒரு சிங்களப் பெடியன் பிழையாகத் திரும்பினால் மோடன் என்பார்கள், அதோடு முடியும். எங்கள் தம்பி பிழையாகத் திரும்பினால், ஏன் திரும்பினான் என்று கேட்பார்கள். பெயரால் மறைந்து நின்றவனைக் கால் காட்டிக்கொடுத்துவிடும். இதை நான் வாய்விட்டு ஒருவருக்கும் சொல்லவில்லை. “இன்னொருக்கா” என்று மட்டும் சொன்னேன்.

அப்புறம் என் படிப்பைக் காட்டப் புறப்பட்டேன். “இஞ்ச பார், வாமம் எண்டா இடப்பக்கம். சமஸ்கிருதம். தட்சிணம் எண்டா வலப்பக்கம். அதுதான் சிங்களத்தில வம, தக்குண. விளங்குதா?”

“வாமம் தெரியாது அக்கா. ஓமம் தெரியும்.”

குசினிக்குள் இருந்து அம்மா, “வயித்துக்குள்ள ஏதும் செய்யுதோ மகன், ஓமத் தண்ணி தரட்டா?” என்றார்.

என் வகுப்பில் ஐந்து வயதுப் பிள்ளைகள் இடமும் வலமும் ஒரு காலையில் படித்துவிடுவார்கள். பிழை விட்டால் யாழ்ப்பாணத்துத் தாய்மார் முகச்சுளிப்போடு வந்து என்னிடம் கேட்பார்கள். அங்கே நாள் முழுக்கக் கத்தி, பஸ்ஸில் நின்றுகொண்டு வந்து, இங்கே மீசை முளைத்தவனுக்கு அதே பாடம்.

மூன்றாம் மாலை அவன் ஒரு பிழையும் விடவில்லை. எப்படிச் சொன்னாலும் சரியாகத் திரும்பினான். எனக்குப் பெருமை பொறுக்கவில்லை. அப்பாவைக் கூப்பிட்டு இருத்தி, “பாருங்க, பேப்பர்ச் சிங்களம்” என்றேன். அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, தம்பியின் தோளைப் பிடித்து, வாசலைப் பார்த்து நின்றவனைக் குசினிப் பக்கம் திருப்பி நிறுத்தினார்.

“இப்பச் சொல்லு.”

“வமட்ட ஹெரென்!”

தம்பி வலப்பக்கம் திரும்பினான். அங்கே அலுமாரி இருந்தது. அப்போதுதான் விளங்கியது. அந்த மடையன் வம என்றால் அலுமாரி, தக்குண என்றால் சுவரில் இருந்த மாதா சுரூபம் என்று பாடமாக்கி வைத்திருந்தான்.

“முகாமுக்கு அலுமாரியையும் தூக்கிக்கொண்டு போகப் போறியாடா?” என்று கத்தினேன். ஜன்னல் ஏன் சாத்தியிருக்கிறது என்பதையும் மறந்துபோனேன்.

“இவள் கத்திறதைப் பாத்தா, அங்க போய் நிம்மதியா இருப்பான்” என்றார் அப்பா.

அந்தக் கோபத்தில்தான் நான் அவனுடைய இடது கையைப் பிடித்தேன். சின்ன வயதில் ஊசி குத்திய தழும்பு மேல்கையில் இருக்கும். அந்த இடத்தில் பலம் கொண்ட மட்டும் கிள்ளினேன்.

“ஐயோ! நோகுது!”

“நோகுது எண்டு சொல்லாத. வலிக்குது எண்டு சொல்லு!”

“என்ன?”

“வலிக்குது எண்டு சொல்லு!”

“வலிக்குது!”

“வம எண்டா வலி. வலிக்கிற பக்கம் திரும்பு. வலத்தை மற, ஆண்டவரை மற, அலுமாரியை மற. வலி!”

“ஆண்டவரை மறக்கச் சொல்லிக் குடுக்கிறாளே” என்று குசினிக்குள் இருந்து அம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் காயம்பட்டால் நோகும். வலி என்பது புத்தகச் சொல். அந்தச் சொல் அவனுக்குப் புதிதாக இருந்தபடியால்தான் பதிந்தது என்று நினைக்கிறேன். அதன் பிறகு வாசலைப் பார்த்து நின்றாலும் குசினியைப் பார்த்து நின்றாலும், “வமட்ட” என்றதும் அவன் தோள் கிள்ளுக்குப் பயந்து ஒரு துளி சுருங்கும். அந்தப் பக்கமே திரும்புவான். அப்பா தானும் ஒருதரம் திருப்பி நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு அது போதாது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

புறப்படும் காலையில் பெட்டியோடு சண்டை. அம்மா சீனிச்சம்பல் போத்தலை வைப்பார், நான் எடுப்பேன். பறிச்சுப்போடுவாங்கள் அம்மா என்பேன். “பறிக்கிறவனும் தின்னட்டும்” என்று மறுபடி வைப்பார். ஜெபமாலையை உடுப்புக்கு மேலே வைத்தார். நான் அதைச் சப்பாத்துக்குள் ஒளித்தேன். அதற்கும் ஏச்சு வாங்கினேன். மொட்டை அடித்த தலையோடு தம்பி நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். கொஞ்சமாவது பயந்தால் என்ன என்று இருந்தது எனக்கு.

எங்கள் ஒழுங்கை தெருவில் போய் முடிகிற இடத்தில் இடப்பக்கம் போனால் பஸ் நிறுத்தம். தம்பி பெட்டியோடு முன்னால் போனான். நாங்கள் வாசலில் நின்றோம். மூலையில் போய் நின்றான், பெட்டியைக் கீழே வைத்தான், நெஞ்சை நிமிர்த்தினான், படாரென்று வலப்பக்கம் திரும்பினான்.

இத்தனை நாள் கத்தியதும் கிள்ளியதும் ஒன்றுமில்லாமல் போய்விட்டதே என்று நான் மூலைக்கு ஓடத் தொடங்க, அவன் திரும்பி நின்று ஒழுங்கை அதிரச் சிரித்தான். பிறகு இடது கையைத் தடவிக் காட்டிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துப் பக்கம் போனான். கழுதை. கையசைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவு கோபம்.

பல வாரங்கள் ஒரு செய்தியும் இல்லை. ஒரு பின்னேரம் பக்கத்து வீட்டு ஆன்டி மதிலுக்கு மேலால் கூப்பிட்டார். “ஓடி வா மகள், கப்பல்ல இருந்து கோல்!” எங்கள் வீட்டில் அப்போது டெலிபோன் இல்லை.

“அக்கே” என்றான் தம்பி. சிங்கள அக்கே, அக்கா அல்ல. அவனுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறவர்களின் சத்தம் கேட்டது. சுகமாக இருக்கிறேன், சாப்பாடு பரவாயில்லை, பயிற்சி முடிகிறது, பாசிங் அவுட் அணிவகுப்புக்கு வீட்டார் வரலாம் என்று முழுக்கச் சிங்களத்தில் சொன்னான். பிறந்ததிலிருந்து என்னோடு தமிழில் சண்டை பிடித்தவன். நானும் சிங்களத்திலேயே பதில் சொன்னேன். செய்தி வாசிக்கிறவள் மாதிரி இருந்திருக்கும். வைப்பதற்கு முன் குரலைத் தாழ்த்தி, ஒரே ஒரு தமிழ்ச் சொல் சொன்னான்.

“வலி.”

சிரித்துக்கொண்டு சொன்னான். நானும் சிரித்தேன். அப்படியென்றால் சரியாகத் திரும்புகிறான்.

என்னோடு ஓடி வந்து காதை ஒட்டிக்கொண்டு நின்ற அம்மாவுக்கு அந்த ஒரு சொல் மட்டும்தான் விளங்கியது. “என்ன வலியாம்? எங்க வலியாம்? அடிச்சுப்போட்டாங்களோ?” என்று என் கையைப் பிடித்து உலுக்கினார். ஆன்டி ஒரு பக்கம், “எந்த நாட்டில நிக்கிறானாம்?” என்றார். “கடல்ல ஆன்டி” என்று சொல்லி அம்மாவை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். விளங்கப்படுத்த அன்றிரவு முழுக்கப் போனது. இன்றைக்கும் அம்மா முழுதாக நம்பவில்லை.

பாசிங் அவுட்டுக்குப் போவதா விடுவதா என்று அடுத்த சண்டை. அவ்வளவு தூரம், வழியெல்லாம் செக்பொயின்ட், போய் என்ன கதைப்பது, யாராவது கண்டால் என்ன சொல்வது என்று அம்மா. கப்பல் கதை கிழிந்துபோகுமே என்ற கவலையும் சேர்த்து. அப்பா சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கலியாணங்களுக்கு மட்டும் போடும் சப்பாத்து.

“அங்க ஆராவது வமட்ட எண்டு கத்தினா, நீயும் சேர்ந்து திரும்பிடாத” என்றார் என்னிடம். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த பாராட்டு அதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் அப்போதும் முடிவு வந்தபாடில்லை. நான் மட்டக்குளியில் ஒரு வான்காரனை அந்த நாளுக்கு வரச் சொல்லிவிட்டேன். வெள்ளவத்தைப் பள்ளியில் லீவும் கேட்டுவிட்டேன். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த யாழ்ப்பாணத்துத் தாய்மார் இரண்டு பேர் அறைக்குள் நிற்கும்போது, எதற்கு லீவு என்று தலைமை ஆசிரியை கேட்டார். கப்பல் என்று சொல்ல வாய் எடுத்தேன், வரவில்லை.

“தம்பி நேவியில பயிற்சி முடிக்கிறான். அதைப் பாக்கப் போறன்” என்று சொன்னேன். தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி.