திறக்காத நூலகத்திலிருந்து மீட்ட சுவர்கள்

என் மனைவி ஒரு மேசன். எங்கள் அரியாலை வீட்டுக்கு மதில் கட்ட வந்தவர் பாதியில் விட்டுப் போனபோது, மீதியைத் தானே கட்டத் தொடங்கினாள். பிறகு அதையே தொழிலாகப் பிடித்துக்கொண்டாள். கட்டி முடித்த ஒவ்வொன்றையும் கைபேசியில் படம் எடுப்பாள். கனடாவில் இருக்கும் என் அண்ணை தந்த பழைய மடிக்கணினியில், எல்லாப் படங்களையும் ஒரே கோப்பாக வைத்திருக்கும் புகைப்பட நூலகத்தில் அவற்றைச் சேர்ப்பது என் வேலை. கைபேசியில் இடம் போதாது என்பதால், கணினியில் ஏற்றியதும் அங்கே அழித்துவிடுவோம்.

புத்தூரில் பெண்களுக்கு மேசன் வேலை பழக்கும் வகுப்பொன்றை ஆரம்பிக்க இருந்தார்கள். அதை நடத்தித் தரும்படி அவளைக் கேட்டார்கள். முதல் கூட்டத்தில் அவள் கட்டியவற்றைத் திரையில் காட்டவேண்டும். கூட்டம் நடக்க இருந்த அந்த வாரம் பார்த்து, கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கையில் கரண்ட் நின்றது. பற்றரியும் பழசு. திரும்பப் போட்டபோது நூலகம் திறக்க மறுத்தது. சீர்செய்யவா என்று அதுவே கேட்டது, ஓம் கொடுத்தேன். பாதியில் நின்றுவிட்டது. பிறகு திறந்தது, ஆனால் உள்ளே ஒரு படமும் இல்லை.

அவள் வேலையால் வீடு வந்ததும் சொன்னேன்.

“எல்லாமோ?”

“எல்லாம்தான்.”

கையில் காய்ந்திருந்த சீமெந்தைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் இருந்தாள். “உது எவ்வளவு இடம் பிடிச்சிருக்கு எண்டு பாருங்கோ.”

பார்த்தேன். முன்பு இருந்த அதே அளவு.

“அப்ப சாமான் உள்ளுக்கைதான் கிடக்கு. கதவுதான் இறுகிப்போச்சு. முன்கதவு திறக்காட்டி கூரை ஓட்டைக் கழட்டி இறங்கிறேல்லையோ?”

அண்ணைக்கு அழைப்பெடுத்தோம். “இனி ஒண்டிலையும் கை வையாதை,” என்றார் அண்ணை. “முதல் அந்த நூலகத்தை அப்பிடியே வேறை டிஸ்க்கிலை கொப்பி எடு. பிறகு அம்புக்குறியைக் கொப்பிக்கு மேலை கொண்டுபோய், ரெண்டு விரலை வைச்சு அமத்து. உள்ளுக்கை இருக்கிறதைக் காட்டவோ எண்டு கேக்கும்.”

சொன்னபடி செய்ததும் கேட்டது. உள்ளே கோப்புறைக்குள் கோப்புறையாகப் போய், அசல் படங்கள் என்ற ஒன்றைத் திறந்தோம். எழுத்தும் இலக்கமும் கலந்த விளங்காத பெயர்கள். ஒன்றை அமத்தினேன். பாதி எழும்பிய சுவர், பக்கத்தில் ஒரு நீல வாளி. அவள் என் தோளை இறுகப் பிடித்தாள்.

படங்கள் எல்லாம் இருந்தன. ஆனால் எது எந்த வீடு என்று நான் போட்டுவைத்த தலைப்புகள் போய்விட்டன. நான் ஒவ்வொன்றாகத் திறக்க, அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு படத்தில் ஆளும் இல்லை, வாசலும் இல்லை, வெறும் மூலை ஒன்று, அதற்கும் தயங்கவில்லை.

“உது வல்வெட்டித்துறை வீட்டின்ரை குசினி, அடுப்பு மூலை. கடல்காத்து எண்டபடியால் பூச்சைத் தடிப்பாப் போட்டனான்.”

“இதை வைச்சு எப்பிடிக் கண்டுபிடிச்சனீர்?”

“உங்கடை கையெழுத்தை நீங்கள் மறப்பியளோ?”

இத்தனை வருசமாகப் படங்களை ஏற்றியவன் நான். இவ்வளவு கட்டியிருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் முழுமையாகக் கண்டேன். கிணற்றுக் கட்டு, தண்ணீர்த் தாங்கி, பாலர் பாடசாலை, வீடுகள். நடுவில் எங்கள் மதிலும் வந்தது. அவளுடைய முதல் வேலை; நெளிந்து நெளிந்து போயிருந்தது.

“உதை விடுவம்,” என்றேன்.

“விசரே உங்களுக்கு? உதைத்தான் முதல் போடவேணும்.”

அப்படியே செய்தாள். திரையில் மதிலைக் கண்டதும் பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். “இதுதான் நான் துவங்கின இடம். உங்கடை முதல் சுவர் இதைவிட நேரா வரும்,” என்றாள். பிறகு ஒவ்வொரு வீடாக வர, பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்தார்.

“பிள்ளை, உதெல்லாம் நீர்தான் கட்டினதோ?”

“ஓம் ஐயா. ஐமிச்சமெண்டால் வந்து தட்டிப் பாருங்கோ.”

கூட்டம் முடிந்தும் பெண்கள் அவளை விடவில்லை. கதவு நிலைக்கு மேலே கொங்கிறீற் போடுவதைப் பற்றி ஒருத்தி கேட்க, இவள் கையால் காற்றில் அளந்து காட்டிக்கொண்டிருந்தாள். நான் மடிக்கணினியை மார்போடு அணைத்தபடி வாசலில் நின்றேன். பக்கத்தில் நின்றவர் என்னைக் கேட்டார், “ஆர் தம்பி அந்தப் பிள்ளை?”

“என்ரை மனுசி,” என்றேன். தேவைக்கு மேலே கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. உள்ளே நின்ற அவளும் திரும்பிப் பார்த்தாள்.